வால்வு ஆம்ப்ளிஃபயரும் என் காதும்

ஒரு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் செய்து விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. மாடி ரூமில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. என் பேரனுக்கு (மகள் வயிற்றுப் பேரன், பிளஸ் டூ முடித்தவன்) வால்வு போட்ட கிதார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்து கொடுத்தேன்.

"இந்தக் காலத்தில் வால்வா?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. என் மகளும் அதைத்தான் கேட்டாள். "கடையில இதைவிடக் கம்மி விலைக்கு நல்லதா கிடைக்குதுங்களே அப்பா" என்றாள். உண்மைதான். எனக்கு மொத்தம் 15,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயே ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம்.

ஆனால் இந்த ஒரு மாதத்தில் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆடியோ பித்துப் பிடித்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பும். இன்னொரு கட்சி, "மீட்டர் கிடக்கட்டும், காதால் கேட்டுப் பார்" என்று சொல்லும். பாலிடெக்னிக்கில் 32 வருடம் எலெக்ட்ரானிக்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவன் நான். எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு கட்சியும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. காதால் கேட்கலாம் சரி, யாருடைய காதால்?

என் வயதுக்காரர்களுக்கு வால்வு என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். வீட்டு ஹாலில், துணி உறை போட்டு மூடி வைத்திருந்த ரேடியோ நினைவுக்கு வரும். அதற்குப் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டியதும் நினைவுக்கு வரும். ஸ்விட்சைப் போட்டால் அரை நிமிடம் சத்தமே வராது. பிறகு பச்சைக் கண் மெதுவாக விழிக்கும், இலங்கை வானொலி வரும். எங்கள் லேபில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி இருக்கும். டிரான்சிஸ்டர் வந்தது, ஐ.சி. வந்தது, வால்வு பரணுக்குப் போய்விட்டது.

கிதார் வாசிப்பவர்கள் மட்டும் அதை விடவில்லை. இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் புதிய வால்வுகள் தயாராகின்றன என்றால் அதற்கு முக்கியக் காரணம் இவர்கள்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஃபெண்டர் சேம்ப் என்ற சின்ன ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட். 1950களின் பிற்பகுதியில் வந்த 5எஃப்1 மாடல். மொத்தம் மூன்றே வால்வுகள். முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 (நாம் ஈசிசி83 என்று சொல்வோமே, அதேதான்). சக்தி கொடுப்பதற்கு ஒரு 6வி6. ஏ.சி.யை டி.சி.யாக்க ஒரு 5ஒய்3. ஒரே ஒரு வால்யூம் குமிழ், டோன் கன்ட்ரோல்கூடக் கிடையாது. வெளியே வருவது ஏறக்குறைய 5 வாட்ஸ். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். மாடி ரூமில் முழுதாகத் திறந்து வைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

டிரான்ஸ்பார்மர்கள்தான் பெரிய தலைவலி. நம் கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமா? ஒரு கடையில் இரண்டையும் கட்டித் தரச் சொன்னேன். பவர் டிரான்ஸ்பார்மர் அவருக்குச் சாதாரண வேலை. அவுட்புட் டிரான்ஸ்பார்மரில்தான் விவாதம் வந்தது. இந்த மாதிரி ஒற்றை வால்வு சர்க்யூட்டில் டி.சி.யும் காயில் வழியாகவே போகும். கோர் அதிலேயே நிறைந்துவிடாமல் இருக்க, ஈ தகடுகளை ஒரு பக்கமும் ஐ தகடுகளை மறு பக்கமும் தனித்தனியாக அடுக்கி, நடுவில் மெல்லிய காகிதம் வைத்து இடைவெளி விட வேண்டும். "இடைவெளி விட்டா கொர்ருன்னு சத்தம் வருமுங்க சார், மாத்தி மாத்தித்தான் அடுக்கணும்" என்றார் அவர். சர்க்யூட்டை வரைந்து காட்டியபின் ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். வேலையும் சுத்தம்.

சேசிஸுக்கு அலுமினியத் தகடு. பெட்டி எங்கள் அம்மா காலத்துக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் செய்தது. 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சால்டரிங் எல்லாம் டேக் போர்டில் பழைய முறையில்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் பழைய ரேடியோவைத் திறந்து கை விட வேண்டாம். இந்தச் சர்க்யூட்டில் 350 வோல்ட் டி.சி. ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். உயிரை எடுக்கப் போதுமானது. பேரனுக்கு முதல் இரண்டு நாள் நான் கற்றுக்கொடுத்தது இதை மட்டும்தான். கண்டென்சரை ரெசிஸ்டர் வைத்து இறக்கு. மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார். அதன்பிறகு தொடு. கரண்டு இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் இடது கை பேண்ட் பாக்கெட்டில் இருக்க வேண்டும். மகள் பயந்தாள். பயப்படட்டும், தப்பில்லை. ஆனால் ஆபத்தான பொருளைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைப்பதைவிட, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

முதல் முறை ஆன் செய்யும்போது சீரியஸ் லேம்ப் போட்டுத்தான் செய்தோம். அதற்கு 60 வாட்ஸ் குண்டு பல்பு தேடி நான் நான்கு கடை ஏறி இறங்கியது தனிக்கதை. பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கியது. ஷார்ட் இல்லை என்று அர்த்தம். அப்புறம் நேரடியாகக் கரண்டு கொடுத்தோம். வால்வுகள் சூடானதும் ஆம்ப்ளிஃபயர் ஊளையிட ஆரம்பித்தது பாருங்கள், என் மனைவி கீழேயிருந்து ஓடி வந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் ஒரு சிறு பங்கை 22கே ரெசிஸ்டர் வழியாக முன்னால் கொண்டுவந்து, எதிர்த் திசையில் சேர்ப்பது இந்தச் சர்க்யூட்டில் உண்டு. நெகட்டிவ் ஃபீட்பேக் என்பது அதுதான். பிழைகளைக் குறைக்கும். டிரான்ஸ்பார்மரின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் எதிர்க்க வேண்டியது கூட்டிக்கொண்டே போகும், ஊளையிடும். ஒயர்களை இடம் மாற்றினேன். அமைதி.

அடுத்தது ஹம். நம் ஊர்க் கரண்டு 50 சைக்கிள். ஹீட்டர் ஒயரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ஹம் 50-ல் இருக்கும். ஃபில்டர் போதாமல் வருவது 100-ல் இருக்கும். கேட்டவுடனே "இது 50, ஹீட்டர்தான்" என்று சொன்னேன். முதல் வால்வைக் கழற்றியதும் ஹம் நின்றது. ஹீட்டர் ஒயர்களை முறுக்கித்தான் போட்டிருந்தேன், ஆனால் அவற்றை எர்த்தோடு சேர்க்க மறந்திருந்தேன். இரண்டு பக்கமும் 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டு சேசிஸில் சேர்த்தேன். ஹம் அடங்கியது. "எப்படீங்க அப்புச்சி கேட்டவுடனே சொன்னீங்க?" என்று பேரன் வாயைப் பிளந்தான். எனக்கும் கர்வம்தான். எழுபது வயதைத் தாண்டியும் காது எப்படி இருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது விஷயத்தைக் காது சொல்லவே சொல்லாது. எங்கள் தெருவில் ராத்திரி ஆனால் கரண்டு 250 வோல்ட் வரை ஏறும். அந்த நேரத்தில் அளந்து பார்த்தேன். 6வி6-க்கு 360 வோல்ட் வந்தது. அதன் கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம்ஸ், அதன் மேல் 21 வோல்ட். அப்படியானால் ஓடுவது ஏறக்குறைய 45 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்குப் போவதைக் கழித்து, பிளேட்டில் விழும் 339 வோல்ட்டால் பெருக்கினால் 14 வாட்ஸ் வருகிறது. பழைய வால்வு கையேட்டில் இதற்குப் போட்டிருக்கும் எல்லை 12. சத்தம் அருமையாகத்தான் இருந்தது. வால்வுதான் சீக்கிரம் செத்திருக்கும். ரெசிஸ்டரை 680 ஓம்ஸாக மாற்றினேன். இப்போது 12-க்குள் அடங்கிவிட்டது. காதுக் கட்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். பொருளின் ஆயுளும் ஆளின் ஆயுளும் மீட்டரில்தான் தெரியும்.

இதுவரை எல்லாம் நான் சொன்னபடி நடந்தது. அப்புறம்தான் வம்பு.

பேரன் இரண்டு நாள் வாசித்துப் பார்த்துவிட்டு வந்தான். "அப்புச்சி, நோட்டு அடங்கறப்ப பின்னாடி ஏதோ பொரியுதுங்க. எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி" என்றான். நான் காதை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. வழுவழுவென்று இருந்தது.

"உன் கேபிள்ல கோளாறா இருக்கும் கண்ணு."

கேபிளை மாற்றினான். "இன்னும் பொரியுதுங்க."

"கிதார்ல பாரு."

நண்பனின் கிதாரைக் கொண்டுவந்தான். "அதேதானுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்டர்நெட்டில் எதையாவது படித்துவிட்டு இல்லாததைக் கேட்கிறாய், 32 வருடம் பார்த்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த இரண்டு நாள் மாடிக்கே வரவில்லை.

மனைவிதான் ராத்திரி சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள். "ஏனுங்க, அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்? நீங்க வெக்கற டிவி சத்தம் தெருமுனைக்குக் கேக்குது. நான் அடுப்படியில இருந்து கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கறதில்லீங்க. மூணு வருசமா காதைக் காட்டுங்கன்னு சொல்றேன்." நான் ரசம் ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து சிக்னல் ஜெனரேட்டரைப் பூட்டி, ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஆசிலோஸ்கோப்பை வைத்தேன். 400 சைக்கிள் சிக்னல். வால்யூமை மெதுவாக ஏற்றினேன். அலை அழகாக வந்தது. ஒரு குறிப்பிட்ட அளவு வந்ததும் அலையின் உச்சியில் கோடு தடித்து, பஞ்சு ஒட்டியது போல ஒரு பிசிறு. இன்னும் ஏற்றினால் மறைகிறது. இறக்கினால் அந்த இடத்தில் மறுபடியும் வருகிறது.

லேபில் எத்தனையோ பையன்களின் போர்டுகளில் நான் சுட்டிக்காட்டிய அதே கோளாறு. சர்க்யூட் தானாகவே மிக உயர்ந்த அதிர்வெண்ணில் துடிக்கிறது. அந்தத் துடிப்பு யார் காதுக்கும் எட்டாது. ஆனால் அது தொடங்கி நிற்கும்போது உண்டாகும் பொரிச்சல் கேட்கும். கேட்கிற காதுக்குக் கேட்கும்.

காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றால் உள்ளே ஒவ்வொரு ஒயராக நகர்த்திப் பார்த்தேன். 6வி6-ன் பிளேட்டுக்குப் போகும் நீல ஒயர், வால்யூம் குமிழுக்குப் போகும் ஒயருக்கு மிக அருகில் போய்க்கொண்டிருந்தது. தள்ளினால் பிசிறு சிறுக்கிறது, கிட்டே கொண்டுவந்தால் பெருக்கிறது. நான் போட்ட ஒயர்தான். அதைச் சேசிஸின் மூலை வழியாகத் திருப்பி விட்டேன். 6வி6-ன் கிரிட் பின்னிலேயே 1.5கே ரெசிஸ்டர் ஒன்றும் சேர்த்தேன். பிசிறு போயே போய்விட்டது.

அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இன்னொன்றும் செய்தேன். ஜெனரேட்டரில் ஹெட்போனைப் பூட்டி, 1000-ல் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினேன். 5000 தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து பேரனைக் கூப்பிட்டேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 15,000 வரை கேட்கிறது என்று கை தூக்கியபடியே இருந்தான்.

ஜெனரேட்டர் நன்றாகத்தான் இருந்தது.

"தப்பு என்னுதுதான் கண்ணு. நீ சொன்னது சரி" என்றேன். அவன் "பரவால்லீங்க அப்புச்சி" என்று சொல்லிவிட்டுக் கிதாரை எடுத்தான். ஒரு நோட்டை அடித்து அது அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டான். "போயிடுச்சுங்க" என்றான். எனக்கு முன்னால் கேட்டதற்கும் இப்போது கேட்டதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. அந்த 22கே ஃபீட்பேக் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும் என்றான். கழற்றினால் டிஸ்டார்ஷன் கூடும். டிஸ்டார்ஷனைக் குறைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். மனசு ஒப்பவில்லை. ஆனால் கிதார்க்காரர்கள் வால்வை விடாததற்குக் காரணமே அதுதான். பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயருக்கு டிஸ்டார்ஷன் ஒரு நோய். கிதார் ஆம்ப்ளிஃபயரோ வாத்தியத்தின் ஒரு பாதி. மெதுவாகத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி அடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தும் வர வேண்டும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப அது மாறும்போது வாசிப்பவனுக்குக் கை பேசுகிறது. கடைசியில் ஃபீட்பேக்குக்கு ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டேன். அவன் அதைப் பெரும்பாலும் ஆஃபில்தான் வைத்திருக்கிறான். நான் தனியாக இருக்கும்போது ஆன் செய்து கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆம்ப்ளிஃபயரை முதலில் உருவாக்கிய லியோ ஃபெண்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் 1938-ல் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர். உலகம் முழுதும் வாசிக்கும் கிதார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் செய்த அந்த மனிதருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. செய்ததை வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார். டிக் டேல் என்ற கிதார்க்காரர் பயங்கர சத்தமாக வாசித்து ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர்களையும் எரித்துக்கொண்டே இருந்தார். ஃபெண்டர் அவரைக் கோபிக்கவில்லை, அவருக்குத் தாங்கும்படி பெரிதாகச் செய்தார். நான் ஒரே ஒரு பையன் சொன்ன ஒரே ஒரு குறைக்குக் கோபித்துக்கொண்டேன்.

ஆகவே என் கருத்து இதுதான். வோல்டேஜ், கரண்டு, சூடு, பாதுகாப்பு இவற்றுக்கு மீட்டர் சொல்வதே தீர்ப்பு. அதில் யார் காதுக்கும் இடமில்லை. ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது அதை வாசிக்கப் போகிறவனின் காது. செய்தவனின் காதுக்கு, அதுவும் எழுபது வயதுக் காதுக்கு, அங்கே ஓட்டு மட்டும் உண்டு, வீட்டோ கிடையாது. குழம்பு வைத்தவள் நாமே என்றாலும் உப்பு சரியா என்று சாப்பிடுபவரைத்தானே கேட்கிறோம்?

"பழைய வால்வு ரேடியோவின் இனிமை இப்போது எதில் வருகிறது?" என்று நாமெல்லாம் சொல்கிறோம். நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த இனிமையில் எவ்வளவு வால்வினுடையது, எவ்வளவு அன்றைக்கு இருந்த நம் இருபது வயதுக் காதினுடையது என்று இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

போன வாரம் காது டாக்டரிடம் போனேன். முதலில் குரும்பி ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். கோடு 1000 வரை நேராகப் போகிறது, 2000-க்கு மேல் பள்ளத்தில் இறங்குகிறது. ஹம் எனக்கு அவ்வளவு துல்லியமாகக் கேட்டதற்கும் அப்பளம் கேட்காததற்கும் அதுதான் காரணம். ச, ஸ, ஃப போன்ற சத்தங்களெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகின்றனவாம். சத்தம் கேட்கும், சொல் புரியாது. என் மனைவி முணுமுணுக்கிறாள் என்று நான் மூன்று வருடமாகக் குறை சொன்னேன். அவள் சரியாகத்தான் பேசியிருக்கிறாள்.

இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். மெஷினிலும் ட்யூனிங் உண்டு. அங்கே உட்கார்ந்திருந்த பெண், கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றிவிட்டு, "இப்ப எப்படி இருக்குங்க சார்? நீங்கதான் சொல்லணும்" என்றாள். கிராஃப் அவளிடம், காது என்னிடம்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகள் "கேக்கலீங்களா?" என்று இரண்டாவது முறை கேட்டால் எரிந்து விழாதீர்கள். ஒரு முறை காதைக் காட்டிவிட்டு வாருங்கள். பழைய ரேடியோ யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். திறக்காதீர்கள், சொல்லுங்கள் போதும். பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.